எங்கே இறங்குவீர்கள்?

கொல்கத்தா மினிபஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர் தப்பித்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உட்கார்ந்த மறு நிமிஷம் அவர் ஒரு மேஜையாகிவிடுவார். நிற்கிறவர்கள் எல்லாரும் தங்கள் பைகளை அவர் மடியில் வைப்பார்கள். அனுமதி கேட்கிற பேச்செல்லாம் கிடையாது. பையை நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வாங்க மறுத்தவரைப் பஸ்ஸே ஒரு மாதிரியாகப் பார்க்கும். கூடவே இன்னொரு வழக்கமும் உண்டு. "கொத்தாய் நாம்பேன்?" என்று குனிந்து கேட்பார்கள். எங்கே இறங்குவீர்கள் என்று அர்த்தம். நம்மீது இருக்கும் அக்கறையில் கேட்பதில்லை. நாம் எழுந்ததும் அந்த இடம் தனக்குத்தான் என்று முன்கூட்டியே துண்டு போட்டு வைப்பது.

அகிலாவின் மடியில் இந்த ஊர் வைக்காத சாமான் கிடையாது. கல்யாணச் சீர்த்தட்டு, கட்டுக்கட்டாகப் பரீட்சைத் தாள், புதிதாக வாங்கிய சீலிங் ஃபேனின் மூன்று இறக்கை, எல்லாம் வைத்தாயிற்று. ஒருநாள் ஒரு பெரியவர் கொடுத்த நைலான் பை மடியிலேயே துள்ளியது. உள்ளே உயிரோடு கெளுத்தி மீன். மீன் வாசனை படியேறாத வீட்டில் பிறந்தவள் அகிலா. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் ஹாஜ்ராவிலிருந்து டல்ஹௌசி வரை பிடித்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது பெரியவர் நன்றி சொல்லவில்லை. மீன் இன்னும் சாகவில்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னார்.

அவள் பிறந்தது ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா திருச்சியிலிருந்து குமாஸ்தாவாக வந்தவர். படித்தது, வளர்ந்தது, வேலைக்குப் போனது எல்லாம் இந்த ஊரில்தான். டல்ஹௌசியில் தேயிலை ஏலம் நடத்தும் ஒரு பழைய கம்பெனியில் கணக்குப் பிரிவு. கல்யாணம் மட்டும் கூடி வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து பார்க்க வந்தவர்களுக்குக் கொல்கத்தா ரொம்ப தூரமாக இருந்தது. கொல்கத்தாவிலேயே இருந்தவர்களுக்குப் பெண்ணின் உத்தியோகம் உறுத்தலாக இருந்தது. அப்படியே இழுத்துக்கொண்டு போய் ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது வந்துவிட்டது. அப்பா போய், அம்மாவும் போன பிறகு, டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். தங்கை வித்யாலட்சுமி தாம்பரத்தில் புருஷன் பிள்ளைகளோடு இருக்கிறாள்.

அவளுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சம்பளம் வருகிறது, உடம்பு ஒத்துழைக்கிறது, அக்கம்பக்கத்தில் மாஷிமா, காக்கு என்று சித்தி, சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டால் பேச ஆள் கிடையாது. டிவி சீரியலில் மாமியார் ஏதாவது கேட்டால் இவள் சமையலறையிலிருந்து பதில் சொல்வாள். "சாப்பிட்டியா?" என்று தமிழில், எதிரில் நின்று, ஒரு வாய் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று சில சாயங்காலங்களில் அவளுக்கு நெஞ்சு கனத்துப்போகும். போனில் கேட்பது வேறு, நேரில் கேட்பது வேறு. நேரில் கேட்டால் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிற முகம் ஒன்று இருக்கும்.

அதனால் போனையே விடாமல் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் டாக்குரியா முனையில் ஹவுரா மினிபஸ்ஸில் ஏறுவாள். பஸ் அங்கிருந்துதான் புறப்படும் என்பதால் இடம் கிடைத்துவிடும். பெண்கள் சீட்டில் உட்கார மாட்டாள். அங்கே உட்கார்ந்தால் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். பின்னால் தள்ளி, பொதுச் சீட்டில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து வித்யாவைக் கூப்பிட்டால், டல்ஹௌசி வரை ஓயாத பேச்சு. பஸ்ஸில் தமிழ் பேசுவதில் ஒரு சௌகரியம். எவருக்கும் புரியாது. ஆபீஸ் வம்பு, மாடிவீட்டுச் சண்டை, கண்டக்டரின் தொப்பை, பக்கத்துச் சீட்டுக்காரர் விடும் குறட்டை என்று அத்தனையும் அவர்களை வைத்துக்கொண்டே பேசலாம். அகிலாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாளெல்லாம் அவள் சாதுதான்.

பவானிபூரில் ஜதுபாபு பஜார் நிறுத்தத்தில் ஏறுகிற ஒருவர், ஆறேழு வருஷமாக அவள் பக்கத்தில் வந்து நிற்பார். கண்டக்டர் அவரை அண்ணன் முறையில் குமார் தா என்று கூப்பிடுவார். ஒல்லியான கறுத்த மனிதர், நரைத்த தலை, அரைக்கைச் சட்டை. ஹவுராவில் ஏதோ ஒர்க்ஷாப்பில் வேலை. ஏறியதும் தன் துணிப்பையை நீட்டுவார், அகிலா வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். அவள் டல்ஹௌசியில் இறங்குவாள், அந்த இடத்தில் அவர் உட்கார்ந்து ஹவுரா போவார். முதல் நாள் மட்டும் எங்கே இறங்குவீர்கள் என்று பெங்காலியில் கேட்டார். பிறகு கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. "மழை வரும் போலிருக்கு திதி." "ஆமாம் தாதா." இரண்டு பேருக்கும் இடையில் இந்த அக்கா, அண்ணா பெங்காலிப் பேச்சு அதைத் தாண்டிப் போனதில்லை.

தங்கையோடு மட்டும் அவரைப் பற்றி நிறையவே பேச்சு நடந்தது. வித்யா அவருக்குப் பைக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். இன்று வந்தாரா, என்ன சட்டை என்று விசாரிப்பாள். நீலச் சட்டை நன்றாகத்தான் இருக்கிறது என்பாள் அகிலா. தாடியை வழிக்கவில்லை, வீட்டில் சொல்ல ஆள் இல்லை போல என்பாள். தலையில் ஏதோ மூலிகை எண்ணெய், நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்பாள். அந்த மனிதர் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நிற்பார். அவர் வராத நாளில் மடி வெறுமனே இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றும். அதை மட்டும் தங்கையிடம் சொன்னதில்லை.

போன ஆடி மாதத்து மழையில் ஒரு வெள்ளிக்கிழமை. எஸ்பிளனேடில் முழங்கால் தண்ணீர். பஸ் நீந்திக்கொண்டு போனது. போனில் வித்யா அன்றைக்குக் கேலியைக் கொஞ்சம் தூக்கலாக எடுத்துக்கொண்டாள். பேசாமல் பைக்காரரையே கல்யாணம் செய்துகொள்ளேன், பஸ்ஸிலேயே தாலி கட்டச் சொல்கிறேன் என்றாள். அகிலாவுக்கு எங்கேயோ சுருக்கென்றது. சுருக்கென்றால் அவளுக்கு வாய்தான் முதலில் திறக்கும்.

"அந்த ஆளுக்கும் எனக்கும் என்னடி? பை மாட்ட ஒரு ஆணி வேணும், நான் ஒரு ஆணி. ஆணியைக் கட்டிப்பாங்களா யாராவது? திங்கக்கிழமையிலேந்து நான் மெட்ரோல போகப் போறேன். விட்டது சனியன்."

சொல்லி முடிப்பதற்குள் டல்ஹௌசி வந்துவிட்டது. கீழே இறங்க இடமில்லாமல் தண்ணீர். மேலே ஏறுகிறவர்கள் வேறு முட்டிக்கொண்டு வந்தார்கள். "ஆஸ்தே லேடீஸ்!" என்று கண்டக்டர் கத்தினார். மெதுவாகப் போ, பெண்பிள்ளை இறங்குகிறாள் என்று டிரைவருக்குச் சொல்கிற சொல். போன், குடை, கைப்பை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு அகிலா குதித்தாள். ஒரு செருப்பு தண்ணீரோடு போயிற்று. அதைத் துரத்திப் பிடித்து, பிளாட்பாரத்தில் ஏறி நின்று பார்த்தால், முழங்கையில் குமார் தாவின் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் போய்விட்டது.

பாவம், மனிதர் இன்று பட்டினி என்று முதலில் நினைத்தாள். பிறகு, மத்தியானம் வரை உள்ளே இருந்தால் கெட்டுப்போகுமே என்று ஆபீஸில் பையைத் திறந்தாள். ஒரு துண்டு, ஒரு பெங்காலிப் பேப்பர், எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடியைத் திறந்தாள். தயிர்சாதம். மேலே வறுத்த மோர்மிளகாய் இரண்டு.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பூங்கோதை. பாத்திரத்தில் பெயர் வெட்டுவது வேறு யாரிடம் உண்டோ என்னவோ, தமிழில் வெட்டுகிறவர்கள் தமிழர்கள்தான்.

அகிலாவுக்குக் காது இரண்டும் ஜிவ்வென்று சூடாயின. நீலச் சட்டை ஞாபகம் வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு அந்தச் சட்டை வாரத்துக்கு இரண்டு தரம் வந்தது. தாடியைப் பற்றிப் பேசிய மறுநாள் முகம் மழமழவென்று இருந்தது. மூலிகை எண்ணெய் நாற்றம் ஒரே நாளில் மாயமாகியிருந்தது. அப்போதெல்லாம் தற்செயல் என்றுகூட அவள் யோசிக்கவில்லை. எல்லாம் புரிந்துகொண்டுதான் பக்கத்தில் நின்றிருக்கிறார் மனிதர். இத்தனை வருஷத்துப் பேச்சும், ஒரு எழுத்து விடாமல். அவளுடைய மானம் மொத்தமாகக் கப்பலேறியது. அதற்கு மேலே ஆணி. அதற்கும் மேலே சனியன்.

இறங்கும்போது பை அவள் கையில் போவதை அவர் பார்த்திருப்பாரே, ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை என்று யோசித்தாள். பதில் உடனே கிடைத்தது. அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு எந்த மனிதன் கூப்பிடுவான்?

தயிர்சாதத்தை எறிய மனம் வரவில்லை. அவளே சாப்பிட்டாள். தாளிப்பில் கடுகு கருகியிருந்தது. உப்பு ஒரு பிடி கூடுதல். யாரிந்தப் பூங்கோதை, தாளிக்கக்கூடத் தெரியாமல் என்று ஒரு நிமிஷம் கோபம் வந்தது. பிறகு, பெண்டாட்டிதானே, வேறு யாராக இருக்கும் என்று தோன்றியது. அந்தக் கோபம் எதற்காக வந்தது என்பது அப்போது புரிந்துபோய், அவளுக்குத் தன் மேலேயே இரக்கமாக இருந்தது.

மழையில் நனைந்தது வேலையைக் காட்டியது. அடுத்த வாரம் பாதி வரை காய்ச்சலில் படுத்துவிட்டாள். எழுந்ததும் மெட்ரோவைப் பற்றிய நினைப்பே விட்டுப்போயிற்று. மெட்ரோவில் போனால் பாக்ஸை எப்படித் திருப்பிக் கொடுப்பது? புளி போட்டுத் தேய்த்து, பூங்கோதையின் பெயர் பளபளவென்று தெரியும்படி வைத்தாள். அடுத்தவர் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருகிற வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. அம்மா ஒரு கரண்டி கடன் வாங்கினால்கூட அதில் ஒரு துண்டு வெல்லம் வைத்துத்தான் திருப்புவாள். காலையில் எழுந்து புளியோதரை கிளறி, பாக்ஸில் அடைத்து, துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஜதுபாபு பஜார் வந்தது. இருபது பேர் ஏறினார்கள். அவர் ஏறவில்லை.

மறுநாள் எலுமிச்சை சாதம். அதற்கு மறுநாள் தேங்காய் சாதம். பழையதை வைக்க முடியுமா, தினமும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அவர் வாங்க வராத சாதத்தை மத்தியானம் அவளே சாப்பிடுவாள். பக்கத்து மேஜை காகோலி முதலில் எட்டிப் பார்த்தாள், பிறகு கரண்டியோடு வந்தாள், பூஜை லீவுக்கு முன்னால் நாளைக்கு என்ன என்று கேட்கவே ஆரம்பித்துவிட்டாள். ஐம்பது வயதில் அகிலா திடீரென்று நல்ல சமையல்காரி ஆகிவிட்டதாக ஆபீஸ் முழுக்கப் பேச்சு. யாருக்காகச் சமைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

கண்டக்டரிடம் விசாரித்தாள். மெட்ரோ ஆற்றுக்கு அடியில் ஹவுராவுக்கே போக ஆரம்பித்த பிறகு ஆபீஸ்காரர்கள் எல்லாம் கட்சி மாறிவிட்டார்கள், குமார் தாவும் போய்விட்டார் என்று அவர் சலித்துக்கொண்டார். பவானிபூரில் வீடு எங்கே என்று கேட்டாள். அது யாருக்குத் தெரியும், பஸ்ஸில் வருகிறவருக்கு பஸ்தான் விலாசம் என்று சொல்லிவிட்டார்.

தங்கையோடு பேச்சு குறைந்துவிட்டது. பஸ்ஸில் போன் வந்தால் எடுப்பதில்லை. யார் எங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று பயம். வித்யா கோபித்துக்கொண்டு, பிறகு கவலைப்பட்டு, ஒருநாள் ராத்திரி நேராகவே கேட்டுவிட்டாள். அகிலா எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கத்தில் முதலில் சிரிப்பு. "அக்கா, உனக்கு அவரைப் பிடிக்குமா?" என்று கேட்டாள் வித்யா. தெரியாது, ஒரு தடவை மன்னிப்புக் கேட்டால் போதும் என்றாள் அகிலா. அவருக்குக் குடும்பம் இருக்கிறது, தனக்கு வேறொன்றும் வேண்டாம், ஒரே ஒரு தடவை தமிழில் பேச வேண்டும் என்றாள். போனை வைத்த பிறகு, அது பொய் என்று தெரிந்து அழுதாள்.

கண்ணாடி முன்னால் நின்று வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தாள். அன்றைக்கு நான் சொன்னது உங்களைப் பற்றி இல்லை. ஆணி என்று சொன்னது என்னைத்தான். அடுத்த வாக்கியம் வருவதற்குள் கண்ணாடியை விட்டு நகர்ந்துவிடுவாள். ஜதுபாபு பஜார் நெருங்கும்போது தினமும் முதுகு நிமிரும். பஸ் நகர்ந்ததும் தளரும். பூஜை வந்து போயிற்று, தீபாவளி வந்து போயிற்று. ஊர்க்காரர்கள் லேசான குளிருக்கே குரங்குக் குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். துணிப்பையின் காது ஒன்று கிழிந்து, அவள் தைத்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, டாக்குரியாவில் பஸ் புறப்படவே இல்லை. ஏதோ கட்சியின் ஊர்வலம், எஸ்பிளனேடை ஒட்டிய தர்மதலா பக்கம் ஒரு வண்டியும் போகாது என்றார்கள். கண்டக்டர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். அகிலாவுக்கு எரிச்சலாக வந்தது. அன்றைக்கென்று பார்த்து அவள் தயிர்சாதம் செய்திருந்தாள், மோர்மிளகாயும் வறுத்து வைத்திருந்தாள். இத்தனை நாள் அதை மட்டும் செய்யாமல் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். வேறு வழியில்லாமல் கரியாஹாட் வரை ஒரு ஆட்டோ, அங்கிருந்து இன்னொரு ஆட்டோ என்று மாறி, காளிகாட் மெட்ரோவுக்குப் போனாள். பஸ்ஸில் போக வேண்டிய ஊர் முழுவதும் அங்கே படியில் இறங்கிக்கொண்டிருந்தது.

ரயில் பெட்டிக்குள் காலை வைக்க இடமில்லை. ஒரு பெண்ணின் பின்னல் அவள் வாயில். யாரோ ஒருவரின் லேப்டாப் பை விலாவில். கைப்பிடி எட்டவில்லை. துணிப்பை வேறு நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது. அப்போது கீழே, உட்கார்ந்திருந்தவர்களின் வரிசையிலிருந்து, இரண்டு கைகள் பையை வாங்கிக்கொள்ள நீண்டன.

மெட்ரோவில் அப்படி யாரும் கை நீட்ட மாட்டார்கள். அங்கே அவரவர் பை அவரவர் முதுகில். அது பஸ்காரர்களின் வழக்கம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அகிலாவுக்குத் தெரிந்துவிட்டது. நீலச் சட்டை தெரிந்தது. பிறகுதான் முகம். அவரும் அவளைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய பை.

கண்ணாடி முன்னால் சேர்த்து வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"உங்க டிபன் பாக்ஸ் உள்ள இருக்கு," என்றாள். தமிழில்தான் சொன்னாள். அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, கையால் தடவிப் பார்த்தார். தைத்த காதைப் பார்த்தார். "கனமா இருக்கே," என்றார். திருநெல்வேலிப் பக்கத்து இழுப்பு. ஆறேழு வருஷம் பெங்காலியில் கேட்ட குரல், வேறு மனிதரின் குரல்போல இருந்தது.

காலியாகத் தரக்கூடாது என்பதால் தினமும் எடுத்து வந்ததாகச் சொன்னாள். ஆடி மாதத்திலிருந்தா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரிப் பையன் நிலைமையைக் கண்டு தானாகவே எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான். இந்த ஊரில் இப்படியும் நடக்கும். உட்கார்ந்ததும் அவள் அவசரமாக, அன்றைக்குப் பேசியதெல்லாம் தப்பு, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஆரம்பித்தாள். அவர் இடைமறித்தார்.

"நீங்க சொன்னதுல மெட்ரோ மட்டுந்தான் என் காதுல நின்னுச்சு. திங்கக்கெழமையிலருந்து வர மாட்டீங்கன்னு. பை உங்க கையோட போறத பாத்தேன். கூப்பிடணும்னு வாய் வர வந்துச்சு. கூப்பிடல. பை உங்ககிட்ட இருந்தா திருப்பித் தரவாவது தேடுவீங்கல்லா."

அடுத்த வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் பார்த்திருக்கிறார். அவள் இல்லை. காய்ச்சலில் கிடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? சொன்னபடி மெட்ரோவுக்குப் போய்விட்டாள் என்று இவரும் மெட்ரோவுக்கு மாறிவிட்டார். அவள் டாக்குரியாவில் ஏறுகிறவள், மெட்ரோ என்றால் காளிகாட்டில்தான் ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டு, தினமும் பவானிபூரிலிருந்து எதிர்ப்பக்கம் டாலிகஞ்ச் வரை போய், அங்கிருந்து திரும்பி ஏறி வருகிறார். எதற்காக அத்தனை தூரம் என்று கேட்டாள். உட்கார இடம் கிடைக்கும் என்றார். சொல்லிவிட்டு அவரே அதை நம்பாத மாதிரி சிரித்தார்.

ஆக, இவர் அவளைத் தேடி மெட்ரோவில். அவள் இவரைத் தேடிப் பஸ்ஸில். மேலே ஒருத்தி தயிரும் புளியுமாகச் சுமந்துகொண்டு போக, கீழே ஒருவர் வெறுங்கையோடு போயிருக்கிறார், தினமும், அதே சாலைக்கு அடியில்.

அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் முடியாது. பூங்கோதை அம்மா நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டாள். அவர் மூடியின் மேல் விரலை வைத்தார். துணிக்கு மேலேதான், ஆனாலும் பெயர் இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. பவானிபூருக்குக் குடிவந்த வருஷமே தவறிவிட்டாள் என்றார். பிள்ளை இல்லை. அந்தப் பஸ்ஸில் அவர் ஏற ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். கடுகைக் கருக்கினது நீங்கள்தானா என்று கேட்க வந்து, அகிலா வாயை மூடிக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. வாயைத் திறந்தால் அது வழிந்துவிடும்.

எஸ்பிளனேடில் இறங்கி, ஹவுரா போகிற ரயிலுக்கு மாற நீளமாக நடக்க வேண்டும். கூட்டம் இரண்டு பேரையும் சேர்த்தே தள்ளிக்கொண்டு போயிற்று. நடந்துகொண்டே அவள் கேட்டாள்.

"இவ்வளவு நாள் பக்கத்துலயே நின்னீங்க. நானும் தமிழ்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் நகரும் படியில் அவளுக்கு ஒரு படி கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லியிருந்தா நீங்க பேச்ச நிறுத்தியிருப்பீங்கல்லா," என்றார். "அவ போனப்புறம் வீட்டுல தமிழ்ச் சத்தமே இல்ல. காலைல உங்க பேச்சக் கேட்டா அன்னைக்குப் பூரா போதும். நீங்க என்னத் திட்டுனாக்கூட எனக்கு அது தமிழுதான். நீங்க ஆணின்னு சொன்னப்பதான் சங்கடமாப் போச்சு. நான் அப்பிடி ஒருநாளும் நெனச்சதில்ல."

தன் வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு நிற்கும் அந்த நேரம் அகிலாவுக்கு ஞாபகம் வந்தது. அதே நேரத்தில் பவானிபூரில் இன்னொரு வீட்டில் இன்னொரு விளக்கு. இத்தனை வருஷமும் இரண்டு பேரும் ஒரே ஏக்கத்தை ஒரே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவள் உட்கார்ந்துகொண்டு, அவர் நின்றுகொண்டு.

ஹவுரா ரயில் வந்தது. ஏறியதும் அகிலாவுக்கு ஒரு இடம் கிடைத்தது. அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கம் விடுமா, துணிப்பையை நீட்டினார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இன்று உப்பு சரியாக இருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தது கண்ணாடியில் தெரிந்தது.

அவளுடைய ஆபீஸுக்கு அடுத்த நிறுத்தம்தான். டல்ஹௌசி வட்டாரத்துக்கு மெட்ரோவில் மகாகரண் என்று பெயர். எதிரில் நின்ற ஒரு பெண், கையில் குழந்தையின் பள்ளிக்கூடப் பையோடு, அவளைப் பார்த்துக் குனிந்தாள்.

"திதி, கொத்தாய் நாம்பேன்?"

இத்தனை வருஷமாகத் தூக்கத்தில் கேட்டாலும் அதற்கு அகிலாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. வண்டி மகாகரணில் நின்றது. கதவு திறந்தது. ஆபீஸ்காரர்கள் இறங்கினார்கள். நிறுத்தம் வந்துவிட்டதே என்று குமரவேல் அவள் முகத்தைப் பார்த்தார். அவர் பெயர் குமரவேல். படியில் ஏறும்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"ஹவுரா," என்றாள் அகிலா அந்தப் பெண்ணிடம்.

கதவு மூடிக்கொண்டது. ரயில் ஆற்றுக்கு அடியில் போகத் தொடங்கியது. அவள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து அவரிடம், காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று தமிழில் கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.